உடைத்துப் பார்க்காத சிலம்பு

மதுரையை எரித்த அந்த வழக்கு சிலப்பதிகாரத்தில் ஆறேழு அடிகளில் முடிந்துவிடுகிறது. என் சிலம்பின் பரல், உள்ளிருந்து ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்களுடையது முத்து என்கிறான் பாண்டியன். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவள் உடைக்கிறாள். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.’ சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, வாய்தா இல்லை. ஒரு சிலம்பை உடைத்தால் தீர்ந்துவிடும் வழக்கு இது. கோவலன் உயிரோடு நின்றபோதே உடைத்திருக்கலாம். ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தது நூலின் முகவுரையான பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளை: அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். மூன்றும் காப்பியத்தில் இருப்பவைதான். ஆனால் அவை முடிவுகள். அந்த முடிவுகளுக்குக் கதை எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்கப் போனால், இளங்கோ வேறொரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்திருப்பது தெரியும். ஒருவர் இன்னொருவரின் வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கிறார். தீர்மானித்ததும் எழுந்து போய்விடுகிறார், அல்லது கொன்றுவிடுகிறார். புகார்க் கடற்கரையில் தொடங்கி மதுரை அரண்மனை வரைக்கும் இதுதான் நடக்கிறது. உள்ளே என்ன பரல் என்று வெளியே தெரியாத ஒரு நகையை இப்படியொரு கதையின் நடுவில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

முப்பது காதைகள் கொண்ட காப்பியம். கண்ணகியின் சிலம்பு முதலில் தலைகாட்டுவது அந்திமாலைச் சிறப்புச் செய் காதையில். அதுவும் காலில் இல்லாத சிலம்பாக. மாதவியும் கோவலனும் நிலா முற்றத்தில் களித்திருக்கும் அதே மாலையில் கண்ணகியின் கோலத்தைச் சொல்ல வரும் கவிஞர், ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்று பாதத்திலிருந்து தொடங்கி, அவள் அணியாமல் விட்டவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறார். மேகலை இல்லை, குங்குமம் இல்லை, குழை இல்லை, திலகம் இல்லை. அவள் அழுததாகப் பெரிய வருணனை கிடையாது. புலம்பல் பாட்டும் கிடையாது. பன்னிரண்டு வயதில் பதினாறு வயதுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண், புகார்க் காண்டம் முழுவதிலும் பேசும் பேச்சு விரல்விட்டு எண்ணக்கூடியது.

அந்தச் சில பேச்சுகளில் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கோவலன் மாதவியைப் பிரிந்து வீடு திரும்புகிறான். குலம் தந்த செல்வக் குன்றெல்லாம் தொலைந்தது, இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். கண்ணகி என்ன செய்கிறாள்? ‘நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டிச் சிலம்புள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல்தான் வந்து நிற்கிறான் என்று எண்ணிச் சொன்னாள் என்றே இதற்குப் பொருள் கொள்வார்கள். அப்படியானால் அவளும் அவன் உள்ளத்தைத் தப்பாகத்தான் படித்திருக்கிறாள். அவன் அவளுடைய முறுவலை முறுவல் என்றே எடுத்துக்கொண்டு, இந்தச் சிலம்பை முதலாக வைத்து இழந்ததை மதுரையில் ஈட்டுவேன், எழு என்று கிளப்பிவிடுகிறான்.

அந்த முறுவலின் கணக்கு ஏழு காதைகள் தாண்டித் தீர்க்கப்படுகிறது. மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில், மாதரி வீட்டில், தன் கையால் சமைத்துப் பரிமாறிவிட்டு, அவன் கடைசியாகப் புறப்படும் முன் கண்ணகி வாய் திறக்கிறாள். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் பெற்றோர் என்னைப் பார்க்க வந்தார்கள், என் துன்பத்தை மறைத்துச் சிரித்தேன், உண்மையில்லாத அந்த முறுவலைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தினார்கள் என்கிறாள். மாமனாரும் மாமியாரும் ஒரு பார்வையில் கண்டுகொண்டதைக் கணவன் காணவில்லை. அதோடு நிறுத்தவில்லை, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, போற்றத் தகாத வழியில் நடந்தீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறாள். பணிவான குடும்பப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததால் இந்தக் குற்றச்சாட்டின் கூர்மை நமக்குப் பாதிதான் உறைக்கிறது. பாண்டியன் சபையில் வெடித்த கண்ணகி திடீரென்று முளைத்தவள் இல்லை. மாதரி வீட்டு முற்றத்திலேயே அவள் இருக்கிறாள். புகாரிலும் இருந்திருக்க வேண்டும். மூடிய சிலம்புக்குள் பரல் இருப்பதுபோல.

கோவலன் பக்கம் வருவோம். அவனைச் சபலக்காரன் என்று தள்ளிவிடுவது எளிது. மாதவியின் அரங்கேற்றத்தில் சோழன் பரிசளித்த மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும். அதைக் கூனி ஒருத்தி தெருவில் விலைகூற, வாங்கிக்கொண்டு போனவன்தானே. ஆனால் அவனுடைய உண்மையான குறை அது என்று எனக்குத் தோன்றவில்லை. கடற்கரைப் பாடல்கள் நிறைந்த கானல்வரிக் காதையைப் படித்தால் தெரியும். இந்திர விழா முடிந்து கடலாட வந்த இடத்தில், யாழை வாங்கிக் காவிரியைப் பாடுகிறான். சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் நீ ஊட மாட்டாய் காவேரி என்று. விளையாட்டாகப் பாடியதுதான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி எண்ணிக்கொள்கிறாள். மகிழ்ந்தவள் போல யாழை வாங்கி, தனக்கும் வேறு குறிப்பு இருப்பதுபோலப் பாடுகிறாள். அவனோ அதை நடிப்பு என்று பாராமல், மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள் இவள் என்று எழுந்து நடந்துவிடுகிறான். பல ஆண்டு உறவு, குழந்தை, அழித்த செல்வம் எல்லாம் ஒரு பாட்டின் மேலோட்டமான பொருளில் அறுந்துபோகிறது. “என்ன நினைத்துப் பாடினாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கேட்க மாட்டான். அன்று மாலையே மாதவி தாழை மடலில் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தையும் அவன் வாங்கவில்லை. ஆடல் மகள்தானே, நடிக்கத் தெரியும் என்று பேசி அனுப்பிவிடுகிறான். பிறகு, எல்லாம் கைமீறிப் போன நேரத்தில், மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் அவளுடைய இரண்டாவது கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறான். அடிகள் முன் விழுகிறேன், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டுக் குலமகளோடு இரவில் புறப்பட்டுப் போக நான் செய்த பிழை என்ன என்று அறியேன் என்று எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை பிரித்துப் படிக்கிறான். ‘தன்தீது இலள்’ என்று அவளை விடுவித்து, ‘என்தீது’ என்று தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். காப்பியம் முழுவதிலும் ஓர் ஆண் மூடியிருந்த ஒன்றைத் திறந்து பார்த்துத் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் முதல் இடம் இது. அடுத்த இடம் பாண்டியன் சபை. அங்கே திறந்தது வேறொருத்தி.

இடையில் மாடலன் என்ற மறையவன் வந்து கோவலனின் பெருமைகளைச் சொல்கிறான். கொலைக்கு முந்திய காதை அது. மதம் கொண்ட யானையிடமிருந்து முதிய அந்தணரைக் காப்பாற்றியதைச் சொல்கிறான். பாத்திரப் படைப்புக்காக வைத்தது, கதாநாயகன் நல்லவன் என்று காட்ட வேண்டுமே என்று நினைத்து இந்தப் பகுதியைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அடுத்து வரும் இரண்டு கதைகளும் எவை என்று பாருங்கள். ஒன்று, கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியின் கதை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் முன்பே வளர்த்த கீரியைக் கொன்று பாவம் தேடிக்கொண்டவள். கணவன் அவளை விட்டு வடக்கே போய்விடுகிறான். அவளுடைய பாவத்துக்குக் கழுவாய் செய்யப் பொருள் கொடுத்து, கணவனோடு சேர்த்துவைத்தவன் கோவலன். இன்னொன்று பொய்ச்சாட்சிக் கதை. பத்தினி ஒருத்தியின் மேல் பொய்க்கரி சொன்னவனைப் புகாரின் சதுக்கப் பூதம் பாசத்தால் பிணிக்கிறது. என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடு என்று கோவலன் மன்றாடுகிறான். தீயவன் உயிருக்கு நல்லவன் உயிரைக் கொள்ளும் வழக்கம் இங்கே கிடையாது என்று சொல்லிப் பூதம் அந்தப் பொய்யனை விழுங்கிவிடுகிறது.

ஆராயாமல் செய்த கொலை ஒன்று. பொய்ச்சாட்சி ஒன்று. இந்த இரண்டாலும்தான் அடுத்த காதையில் கோவலன் சாகப்போகிறான். புகாரில் பொய் சொன்னவனைப் பிடிக்கப் பூதம் இருந்தது. மதுரையில் பொய் சொன்னவன் அரசனின் காலில் விழுந்து பேசுகிறான், பிடிக்க ஆளில்லை. இவ்வளவு நுட்பமாக முன்னறிவிப்பு வைத்த கவிஞரை, ஊழ் என்ற ஒற்றை விடையில் அடக்கிவிடுவது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

கொலைக்களக் காதையில் சிலம்பை உண்மையிலேயே உற்றுப் பார்ப்பவன் ஒருவன்தான் இருக்கிறான். பொற்கொல்லன். மணியும் வயிரமும் பதித்த சித்திர வேலைப்பாட்டையெல்லாம் கூர்ந்து நோக்கி, கோப்பெருந்தேவிக்கு அல்லாமல் வேறு யாருக்கும் இது பொருந்தாது என்கிறான். கைத்தொழில் தெரிந்தவனின் பார்வை. தேவியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருப்பவன் அவன்தான். அதன் பரல் முத்து என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? யாரும் உடைத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அவன் துணிச்சலுக்கு அடிப்படை என்று எனக்குப் படுகிறது. இன்னொரு கணக்கும் அவனிடம் இருக்கிறது. கோவலனைப் ‘புலம்பெயர் புதுவன்’ என்று மனத்துக்குள் குறித்துக்கொள்கிறான். வேற்றூர்க்காரன், கேட்க நாதியற்றவன். பழியைப் போட இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

அவன் அரண்மனைக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் இளங்கோ பார்த்துத்தான் அமைத்திருக்கிறார். கூடல் மகளிரின் ஆடலும் பாடலும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று தேவிக்கு ஊடல். அதை வெளிக்காட்டாமல் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். கானல்வரியில் நடந்ததே மறுபடி, இப்போது அரண்மனைக்குள். தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கும் அரசனின் காலில் பொற்கொல்லன் விழுகிறான். தேவியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி அந்த நேரத்தில் அரசனுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஊர்க்காவலரைக் கூப்பிடுகிறான். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்கிறான். நடந்தபடியே போட்ட ஆணை.

அதற்குப் பிறகு வரும் காவலர் காட்சியைத் திரைப்படத்திலும் மேடையிலும் சுருக்கிவிடுவார்கள். காப்பியத்தின் மிகக் கசப்பான பகுதி அது. சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் இவர்கள் என்று கோவலனிடம் காவலரை அறிமுகம் செய்கிறான் பொற்கொல்லன். அவர்களும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சரியாகவே சொல்கிறார்கள், ‘கொலைப்படு மகன் அலன்’ என்று. கொல்லப்பட வேண்டியவன் இவன் இல்லை. உடனே பொற்கொல்லன் களவு நூல் பேச ஆரம்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டு, தோற்றத்தைக் கண்டு ஏமாறாதீர்கள் என்கிறான். இளைஞன் ஒருவன் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த கள்வனின் கதையைச் சொல்கிறான். விட்டுவிட்டால் அரசன் நம்மை வருத்துவான், என்ன செய்யலாம் என்று தடுமாறுகிறார்கள். அதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன், படிப்பறியாத குடிகாரன், வாளை வீசிவிடுகிறான். ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அத்தனை பேரில் மிகக் குறைவாக யோசித்தவன் வழக்கை முடித்துவைத்தான்.

இப்போது சபைக்குத் திரும்பலாம். ‘தேரா மன்னா’ என்று கண்ணகி அழைப்பது கோபத்தில் வந்து விழுந்த வசை என்று தோன்றலாம். அது வழக்கின் குற்றப்பத்திரிகை. நீ கொடியவன் என்றோ பேராசைக்காரன் என்றோ அவள் சொல்லவில்லை, ஆராயாதவன் என்கிறாள். தன் ஊரைச் சொல்லும்போதும் கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் புகார் என்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் பதில் சொல்கிறான். சட்டப்படி சரியான பதில். அவன் கள்வனா என்பதுதானே கேள்வி?

அடுத்து அவள் சொல்வது: ‘நற்றிறம் படராக் கொற்கை வேந்தே, என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே.’ அரி என்றால் பரல். மதுரை வேந்தே என்று அழைத்திருக்கலாம், கூடல் வேந்தே என்றிருக்கலாம். முத்துக்குப் பேர்போன துறைமுகத்தின் பெயரை இந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார் கவிஞர். பாண்டியன் வீட்டுச் சிலம்பில் முத்து இருப்பதுதான் இயல்பு, புகார் வணிகன் வீட்டுச் சிலம்பில் அது இருக்க வேண்டியதில்லை. இரண்டு நாடுகள், இரண்டு செல்வங்கள், வெளியே ஒரே மாதிரிப் பொன். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று அரசனே ஒப்புக்கொண்டு சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். அவள் உடைக்கிறாள். தெறித்த மணி போய் விழுவது ‘கொன்று கொணர்க’ என்ற ஆணை பிறந்த வாயில்.

அந்தக் கணத்தில் பாண்டியனும் பெரிய பாத்திரமாகிவிடுகிறான். பொற்கொல்லன் மேல் பழியைத் தள்ளவில்லை, காவலரைக் கூப்பிடவில்லை. ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி அங்கேயே விழுந்து உயிரை விடுகிறான். வினை வளைத்த கோலை அவனுடைய போன உயிர் நிமிர்த்திவிட்டது என்று பிற்பாடு சேரன் செங்குட்டுவன் பேசுவான். எதிரியை வெறும் வில்லனாக விட்டுவிடாததால்தான் இந்த மோதலுக்கு இவ்வளவு கனம்.

ஊழ்வினை இதில் எங்கே வருகிறது? கானல்வரியில் கோவலன் எழுந்து போகும்போது, யாழிசையைச் சாக்காக வைத்து அவனுடைய ஊழ் உருத்து வந்தது என்கிறார் இளங்கோ. பாண்டியன் ஆணையிடும்போதும் வினை விளையும் காலம் வந்துவிட்டது என்கிறார். ஆனால் அதே மூச்சில் ‘தேரானாகி’, ஆராயாதவனாகி, என்றும் சொல்லிவிடுகிறார். வினையைச் சொல்லும் இடத்தில் எல்லாம் மனிதன் செய்த தவறும் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வந்து சொல்லும் முற்பிறப்புக் கதையிலும் இதேதான். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற அரச ஊழியன். சிங்கபுரத்துக்கு நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, பகைநாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தவன். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இந்தப் பிறப்பில் பலித்தது. வேற்றூரிலிருந்து நகையோடு வந்த வணிகன், அரசனுக்கு வேலை செய்யும் ஒருவன் சொன்ன பொய், ஆராயாத கொலை, தெருவில் அலறிய மனைவி. அந்தப் பிறப்பில் பொற்கொல்லனின் இடத்தில் நின்றவன் கோவலன். வினைக்கொள்கை இங்கே வெறும் சமயக் கருத்தாக நிற்கவில்லை, கதையின் வடிவத்தையே அது இரட்டிக்கிறது.

வஞ்சிக் காண்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. கண்ணகி சிலைக்காகச் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, தோற்ற வடநாட்டு மன்னர் கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்த கதை கம்பீரமானது. ஆனால் முந்திய இரண்டு காண்டங்களின் மன நுட்பம் அதில் குறைவு. சிலைக்கு விழா எடுத்தபோது வந்திருந்தவர்களில் ஒருவன் கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் என்கிறது வரந்தரு காதை. இலங்கையில் அந்தத் தெய்வம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சிங்களவர் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள், சிலம்பு அந்தத் தெய்வத்தின் சின்னம். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கும் காவியத்துக்குக் ‘கண்ணகி வழக்குரை’ என்று பெயர். முழுக் கதைக்கும் அந்தச் சபைக் காட்சியின் பெயரே நின்றுவிட்டது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் தொண்டையில் சிக்குவது ஒன்று உண்டு. மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளுக்கு ஒரு பட்டியல் தருகிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுவிட்டுத் தீத்திறத்தார் பக்கம் சேர்க என்கிறாள். தீத்திறத்தார் யார் என்று தேர்ந்து முடிவு செய்யும் வேலை நெருப்பின் கையில் போய்விடுகிறது. அதோடும் முடியவில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினியைச் சாந்தப்படுத்தப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டான் என்கிறது நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை. மழையும் பெய்ததாம், நோயும் நீங்கியதாம். திருடியவன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் யாருக்கும் விசாரணை நடந்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. உரைபெறு கட்டுரை பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று சொல்லி இதைக் கழித்துவிடவும் முடியாது. நீர்ப்படைக் காதையில் மாடலனே, கீரிப்பிள்ளையின் கதையையும் பொய்ச்சாட்சியின் கதையையும் சொன்ன அதே மாடலன், ‘ஈரைஞ்ஞூற்றுவர்’ என்று எண்ணிக்கை தந்து, ஒரு பகலில் உயிர்ப்பலி ஊட்டியதைச் செங்குட்டுவனிடம் செய்தியாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறான்.